இரண்டு கோட்டுக்கும் ஒரே கையெழுத்து

ஹெண்டர்சன், நெவாடா
6 மார்ச் 1983

அன்புத் தம்பி ராய்ஸுக்கு,

அக்கா ஆர்லீன் எழுதுகிறேன். இங்கே வெயில் சுகமாக இருக்கிறது, அதன் தயவில் நாங்களும் இருக்கிறோம். உன் முதுகுவலி எப்படி? ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டதா?

ஒரு விஷயம். உன் அத்தான் வெர்னனுக்குத் தெரியக்கூடாது. அவர் காதுக்குப் போனால் உன் முகத்தில் விழிக்கமாட்டேன்.

போர்ட்ஸ்மத்தை விட்டுக் கிளம்பும்போது அத்தான் என்ன சொன்னார் என்பது உனக்கும் தெரியும். "ரெண்டே வருஷம், ஆர்லீன். புடிக்கலேன்னா திரும்பிடலாம்" என்றார். அந்த இரண்டு வருடம் இந்த அக்டோபரோடு முடிகிறது. எனக்குப் பிடிக்கவில்லை. இந்த மண்ணில் தக்காளி நட்டேன், செடியிலேயே வெந்துவிட்டது. வீட்டுச் சாமான்களை ஏற்றி ஊர் திரும்ப லாரிக்கு ஆயிரத்து நானூறு டாலர் கேட்கிறார்கள். அவருடைய ஓய்வூதியத்தில் அது எந்த ஜென்மத்துக்கும் சேராது. மிட்டாய்க் கடைக்குப் பழப் பணியாரம் சுட்டுக் கொடுக்கிறேன். அதில் பாதி சேரும்.

மீதிப் பாதிக்கு ஒரு யோசனை. லாஸ் வேகஸில் ஃப்ரீமான்ட் தெருவில் ஒரு சூதாட்ட விடுதியில் காலை பதினோரு மணிக்குக் கிராப்ஸ் என்ற பகடை ஆட்டம் சொல்லித்தருகிறார்களாம், இலவசமாக. நீ ராணுவத்தில் கம்பளி விரித்துப் பகடை உருட்டியவன். உன்னோடு உருட்டியவர்கள் கைக்கடிகாரத்தை விற்றார்கள், நீ மட்டும் சம்பளத்தோடு வீடு வந்தாய். எப்படி என்று எனக்கு எழுது. ஆட்டத்தைவிட, பணத்தைக் கட்டுக்குள் வைப்பது எப்படி என்று எழுது.

முத்தங்களுடன்,
அக்கா

*

ஹெண்டர்சன்
9 மார்ச் 1983

மச்சான் ராய்ஸுக்கு,

நலம். உன் நலம் எழுது. பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. கீழே இருப்பது என் முடிதிருத்துகிறவரின் முகவரி.

உன் அக்காவுக்குத் தெரியக்கூடாது. எனக்குக் கிராப்ஸ் ஆடச் சொல்லிக்கொடு. சிகரெட்டை விட்டதில் வாரம் கொஞ்சம் மிஞ்சுகிறது, அதற்கு மேல் ஒரு காசு தொடமாட்டேன்.

இங்கே பழைய சாமான் கடையில் ஒரு பியானோ நிற்கிறது, தொள்ளாயிரம் டாலர். ஊரைவிட்டு வரும்போது அவள் பியானோவை விற்கவைத்தவன் நான். அன்றிலிருந்து அவள் விரல்கள் சாப்பாட்டு மேஜையில் தாளம் போடுகின்றன, பார்க்கச் சகிக்கவில்லை. வீட்டில் ஒரு பியானோ இருந்தால் அவள் இங்கேயே இருப்பாள் என்று நினைக்கிறேன். நாங்கள் இங்கே இருக்க வேண்டும். ஏன் என்று கேட்காதே.

வெர்னன்

*

போர்ட்ஸ்மத், ஓஹையோ
17 மார்ச் 1983

அன்பு அக்காவுக்கு,

முதுகு பரவாயில்லை. ஆறு கரைச்சுவரின் பாதிவரை ஏறிவிட்டு, மனம் மாறி இறங்கிவிட்டது.

ஆட்டம் இதுதான். பணத்தைக் கொடுத்தால் அதற்குச் சில்லு தருவார்கள், அதை நீங்கள் மேஜைத் துணியில் "பாஸ்" என்று எழுதிய கோட்டில் மட்டும் வையுங்கள். பகடை வீசுகிறவர் ஜெயிப்பார் என்று அதற்கு அர்த்தம். முதல் வீச்சில் இரண்டு பகடையும் சேர்ந்து ஏழோ பதினொன்றோ விழுந்தால் ஜெயம். இரண்டு, மூன்று, பன்னிரண்டு விழுந்தால் தோல்வி. வேறு எந்த எண் விழுந்தாலும் அதுதான் குறி. குறி மறுபடி விழுந்தால் ஜெயம், அதற்குள் ஏழு விழுந்தால் போச்சு. குறி வந்தபின் கோட்டுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் வைக்கலாம். ஆனால் கோட்டில் வைத்தது வைத்ததுதான், நடுவில் எடுக்க முடியாது.

பணத்துக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு ஓர் உறையில் நாற்பது டாலர். பேருந்துக் காசு காலணிக்குள். மேஜை விளிம்பில் சில்லு அடுக்க இரண்டு பள்ளம் இருக்கும். கொண்டுபோனது முன்பள்ளத்தில், ஜெயித்தது பின்பள்ளத்தில். முன்பள்ளம் காலியானால் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். பின்பள்ளத்தில் இருபது சேர்ந்தாலும் கிளம்புங்கள். பின்பள்ளத்தைத் தொட்ட அன்றைக்கு எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள். வேண்டாம், சொல்லாதீர்கள்.

தம்பி ராய்ஸ்

*

போர்ட்ஸ்மத்
17 மார்ச் 1983

அத்தானுக்கு வணக்கம்.

உங்களுக்கு எதிர்க்கோடு. வீசுகிறவர் தோற்பார் என்று வைப்பது. செங்கல் ஆலையில் முப்பது வருடம் கல்லைத் தட்டிப் பார்த்து "இது விரிசல், இதைத் தூக்கிப் போடு" என்று சொன்னவர் நீங்கள், உங்கள் குணத்துக்கு அதுதான் ஒத்துவரும். மேஜையில் எல்லோரும் முறைப்பார்கள். முறைத்தால் முறைக்கட்டும்.

முதல் வீச்சுதான் உங்களுக்குக் கண்டம். குறி விழுந்தபின் வாய்ப்பு உங்கள் பக்கம் சாய்ந்துவிடும். அப்போதும் சில்லை எடுத்துக்கொள்ள உங்களுக்கு அனுமதி உண்டு, விடுதிக்காரர்கள் சந்தோஷமாக எடுத்துத் தருவார்கள். அந்தச் சந்தோஷத்திலிருந்தே புரிந்துகொள்ளுங்கள், எடுப்பவன் முட்டாள்.

ஒரு நாளைக்கு நாற்பது டாலர், ஓர் உறை, இரண்டு பள்ளம். மறுபக்கம் படம் போட்டிருக்கிறேன்.

ராய்ஸ்

*

ஹெண்டர்சன்
28 ஏப்ரல் 1983

அன்புத் தம்பிக்கு,

உன் அக்கா உயிரோடுதான் இருக்கிறேன், மூளைதான் கலங்கிக் கிடக்கிறது. முதுகுக்கு நான் சொன்ன கடுகு ஒத்தடம் போட்டாயா?

செவ்வாய்தோறும் போகிறேன். உன் அத்தானிடம் சபையில் பாட்டுப் பயிற்சி என்று சொல்லியிருக்கிறேன். ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும், பாடாத பாட்டுக்குத் தினமும் வீட்டில் தொண்டையைச் செருமிக்கொள்கிறேன்.

அந்த மேஜை மேஜையா அது? பச்சைத் துணியில் யாரோ வரிப்பத்திரத்தை அச்சடித்து வைத்திருக்கிறார்கள். முதல் நாள் சொல்லித்தந்த பையன் பெயர் ஹெக்டர், வளைந்த குச்சியால் பகடையைத் தள்ளிக் கொடுப்பவன். நான் பணத்தை அவன் கையில் நீட்டினேன். "கையில தரக்கூடாதும்மா, துணிமேல வைங்க" என்றான். இரண்டு கையாலும் பகடையைக் குலுக்கினேன். "ஒரு கைதாம்மா! எதிர்ச்சுவத்துல படணும், மடியில இல்ல!"

பல் கட்டியதைப் பற்றிப் பக்கத்து மனிதரிடம் பேச்சுக் கொடுத்தேன். "ஏழு வருஷமா வலிங்க" என்றேன், அவ்வளவுதான். அந்த மனிதர் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். ஹெக்டர் குனிந்து, "அந்த நம்பரை இங்க வாயால சொல்லக்கூடாதும்மா. சொன்னா வந்துடும்" என்றான். வந்துவிட்டது. நீ இதை எழுதவே இல்லையே! இப்போது வீட்டில் மணி கேட்டால்கூட "ஆறுக்கு அப்புறம் ஒண்ணு" என்று சொல்கிறேன். உன் அத்தான் விநோதமாகப் பார்க்கிறார்.

இன்னொரு குழப்பம். பன்னிரண்டு விழுந்தால் பாஸ் கோட்டுக்காரி நான் தோற்கிறேன். எதிர்க்கோட்டுக்காரனும் ஜெயிப்பதில்லை, அவன் சில்லு சும்மா கிடக்கிறது. அப்படியானால் என் பணம் யாருக்கு? ஹெக்டரைக் கேட்டேன். மேலே தொங்கும் சரவிளக்கைக் காட்டினான்.

லாரிக்குப் பணம் சேர்க்கும் டப்பாவில் பாதி நிறைந்துவிட்டது. நீ சொன்ன பள்ளக் கணக்கை மீறவில்லை. என் பழைய அறை எப்படி இருக்கிறது? கூரை இன்னும் ஒழுகுகிறதா?

அக்கா

*

ஹெண்டர்சன்
12 ஜூன் 1983

மச்சானுக்கு,

நலம் என்று எழுத உட்கார்ந்தேன். உன்னிடம் பொய் எழுத வரவில்லை.

புதன்கிழமைகளில் ஆடுகிறேன். பழைய ராணுவத்தார் காபிக்குக் கூடுகிறோம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். மேஜையில் எனக்குப் பெயர் "சவப்பெட்டி". யாரும் பக்கத்தில் நிற்பதில்லை, அதனால் கை வைக்கத் தாராளமாக இடம் கிடைக்கிறது. பியானோவுக்கு இன்னும் முந்நூறு வேண்டும்.

ஏன் என்று கேட்காதே என்றேன், நீயும் கேட்கவில்லை. இப்போது நானே சொல்கிறேன். ஆலைத் தூசி நுரையீரலில் கல்லாகிவிட்டதாம். இந்த வறண்ட காற்றில் பத்து வருடம் ஓடலாம், ஆற்றங்கரை ஈரத்துக்குத் திரும்பினால் இரண்டு குளிர்காலம் தாங்கினாலே அதிசயம் என்றார் மருத்துவர். ஆர்லீனுக்குத் தெரியாது. சொன்னால் அவள் இருந்துவிடுவாள், எனக்குத் தெரியும். நர்ஸாக இருப்பாள். எனக்கு நர்ஸ் வேண்டாம், ராய்ஸ். இந்த ஊர் பிடித்துப்போய் இருக்கட்டும்.

இந்தத் தாளைக் கிழித்துப் போடு.

வெர்னன்

*

போர்ட்ஸ்மத்
20 ஜூன் 1983

அத்தான்,

கிழித்துவிட்டேன். அக்காவிடம் சொல்லுங்கள். இதைத் தவிர எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

ராய்ஸ்

*

ஹெண்டர்சன்
2 ஆகஸ்ட் 1983

தம்பி,

மூன்று மாதத்தில் உனக்கு நாலு கடிதம் போட்டேன். பதில் இல்லை. கை ஒடிந்ததா? கல்யாணம் கில்யாணம் ஆகிவிட்டதா? எதுவாக இருந்தாலும் சொல்லிவிட்டுச் செய்.

நான் நலம். அத்தான் நலம் என்கிறார். எனக்கு என்னவோ சந்தேகமாக இருக்கிறது. ராத்திரி இருமல் வந்தால் எழுந்து கார் கொட்டகைக்குப் போய் இருமிவிட்டு வருகிறார். கேட்டால், "பாலைவனத் தூசிடி" என்கிறார். அப்படியானால் ஊருக்குத் திரும்பினால் சரியாகிவிடும், இல்லையா? அதற்காகவாவது சீக்கிரம் கிளம்ப வேண்டும். உனக்கு ஏதாவது எழுதினாரா?

லாரிக்காரனிடம் அக்டோபர் கடைசி வாரத்துக்குச் சொல்லி வைத்துவிட்டேன். இன்னும் இருநூற்றுச் சொச்சம்தான் குறை. அவரிடம் சொல்லவில்லை. பணத்தை மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் பேசுவேன். வெறும் வாயை மென்றுகொண்டு அவர் முன்னால் நிற்க எனக்கு இஷ்டமில்லை.

என் அறைக் கூரையைப் பற்றிக் கேட்டேனே?

அக்கா

*

போர்ட்ஸ்மத்
9 செப்டம்பர் 1983

அன்பு அக்காவுக்கு,

கை ஒடியவில்லை, கல்யாணமும் இல்லை. அலுவலகத்தில் மனுக்கள் மலைபோல் குவிந்துவிட்டன. தாமதத்துக்கு மன்னியுங்கள்.

கூரை ஒழுகவில்லை. வசந்தத்திலேயே ஓடு மாற்றிவிட்டேன்.

அத்தான் எனக்கு ஏதாவது எழுதினாரா என்று கேட்டிருந்தீர்கள். இங்கே ஆப்பிள் நன்றாகக் காய்த்திருக்கிறது.

லாரிக்காரனுக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். பின்பள்ளத்தைத் தொடாதீர்கள்.

ராய்ஸ்

*

ஹெண்டர்சன்
20 அக்டோபர் 1983

ராய்ஸுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஆப்பிள் காய்த்திருக்கிறதாம் ஆப்பிள்!

நேற்று முன்தினம், செவ்வாய்க்கிழமை, மேஜைக்குப் போனேன். லாரிக்கு இன்னும் அறுபது டாலர்தான் வேண்டும். பகடை என் கைக்கு வந்தது. கோட்டில் ஐந்து டாலர் வைத்து வீசினேன், குறி எட்டு. தலை நிமிர்ந்து பார்க்கிறேன். மேஜையின் அந்தக் கோடியில், தனியாக, கம்பளித் தொப்பியோடு எதிர்க்கோட்டில் இருபது டாலர் வைத்துக்கொண்டு ஒரு கிழவர் நிற்கிறார். என் கிழவர். புதன்கிழமை அவரை மருத்துவமனைக்கு வரச்சொல்லிவிட்டார்களாம், அதனால் செவ்வாயே வந்துவிட்டார். இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும்.

அவரும் என்னைப் பார்த்தார். முப்பத்து நாலு வருடம் ஒரே கட்டிலில் படுத்தவர்கள், பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவர்கள் மாதிரி நின்றோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. இங்கே என்ன செய்கிறார்? எத்தனை நாளாக? நான் தோற்க வேண்டும் என்று ஏன் பணம் வைத்திருக்கிறார்?

கோபத்தில் பின்பள்ளத்தில் இருந்ததை அள்ளிக் கோட்டுக்குப் பின்னால் வைத்தேன். ஆமாம், தொட்டேன். ஹெக்டர், "அம்மா, இன்னைக்கு ஒரு மாதிரியா இருக்கீங்க" என்றான். "பகடையைத் தள்ளுப்பா" என்றேன்.

அப்போது உன் அத்தான் கையைத் தூக்கினார்.

"என் சில்லை எடுத்துக் குடுங்க."

ஹெக்டர் திரும்பினான். "சார், குறி விழுந்துடுச்சு. இப்ப வாய்ப்பு உங்க பக்கம். இப்பப் போய் யாராச்சும் எடுப்பாங்களா?"

"தெரியும். எடுங்க."

"ஆறு மாசமா ஒரு தடவைகூட நீங்க எடுத்ததில்லையே, சார்!"

"எடுத்து எட்டுமேல வைங்க. அந்தம்மாவுக்காக."

பக்கத்தில் நின்ற லாரி ஓட்டுநர் ஒருவர், "சவப்பெட்டி திறந்துடுச்சு டோய்!" என்று கத்தினார். மேஜையே சிரித்தது. எனக்குக் கண் மறைத்துவிட்டது, ராய்ஸ். மறைத்த கண்ணோடு வீசினேன்.

ஏழு. சொல்லிவிட்டேன், போ. ஏழு.

என்னுடையதும் போச்சு, அவருடையதும் போச்சு. அவர் சில்லு இருந்த இடத்தில் இருந்திருந்தால் நான் தோற்றதில் பாதியாவது வீட்டுக்கு வந்திருக்கும். வெளியே வந்தோம். காலணிக்குள் பேருந்துக் காசு இருந்தது, அவர் தொப்பிக்குள் ஒரு டாலர் இருந்தது. அதற்கு ஓர் இறால் கோப்பை வாங்கி இரண்டு முள்கரண்டி கேட்டோம்.

"ஏங்க எடுத்தீங்க?" என்றேன்.

"நீ வீசுற, நீ தோக்கணும்னு நான் எப்படிடி நிக்கிறது?"

"அப்ப ஆறு மாசமா நின்னீங்களே?"

"அது மத்தவங்க."

"காபிக்குப் போறேன்னு பொய் சொன்னீங்க."

"நீ மட்டும் என்ன, பாட்டுப் பாடுனியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்பு முடியுமுன் அவருக்கு இருமல் வந்தது. நிற்கவே இல்லை. கார் கொட்டகையும் பக்கத்தில் இல்லை. இருமி முடித்தபின் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

யாரிடம் ஆட்டம் கற்றீர்கள் என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து மடித்த கடிதம் ஒன்றை எடுத்தார். நான் கைப்பையிலிருந்து என்னுடையதை எடுத்தேன். இறால் கோப்பைக்கு இரண்டு பக்கமும் விரித்து வைத்தோம். மார்ச் பதினேழு, மார்ச் பதினேழு. ஒரே கையெழுத்து, அதே பள்ளம், அதே உறை. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்! வெட்கமாக இல்லை உனக்கு? உன் அத்தான் சாகக் கிடக்கிற விஷயம் ஜூனிலேயே தெரிந்தும் எனக்கு ஆப்பிளைப் பற்றி எழுதுகிறாய்!

லாரியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் இங்கேயே இருக்கிறேன். பரிதாபப்பட்டு இருக்கவில்லை, அதை அவரிடமும் சொல்லிவிட்டேன். எத்தனை பெண்களுக்கு அறுபத்து மூன்று வயதுப் புருஷன், ஜெயிக்கிற சில்லைத் தூக்கித் தோற்கிற பக்கம் வைக்கிறான்? அதை விட்டுவிட்டு ஓஹையோவில் நான் யாரோடு இருப்பேன்?

ஆனால் ஒன்றை மட்டும் சொல். எனக்குப் பாஸ், அவருக்கு எதிர். நீ யார் பக்கம் வைத்தாய்?

ஆர்லீன்

பின்குறிப்பு, உன் அத்தான் கையால்: மச்சான், எடுப்பவன் முட்டாள் என்று எழுதியிருந்தாய். எடுத்தேன். சுகமாக இருக்கிறது. பியானோ விற்றுப் போய்விட்டது, யாரோ மதுக்கடைக்காரர் வாங்கிவிட்டார். வெர்னன்.

*

போர்ட்ஸ்மத்
2 நவம்பர் 1983

அன்பு அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இந்தத் தடவை ஒரே உறை, ஒரே கடிதம். திட்டியது போதாது. மீதியை நேரில் வாங்கிக்கொள்கிறேன்.

யார் பக்கம் வைத்தேன் என்று கேட்டீர்கள். மார்ச்சில் இருவரும் மூன்று நாள் இடைவெளியில் எழுதினீர்கள், இருவரும் சத்தியம் கேட்டீர்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு வீட்டுப் பணம் இரண்டு கோட்டிலும் இருந்தால் வீடு கவிழாது என்று நினைத்தேன். ஒரே நாளில் ஒரே மேஜையில் நின்றால்தான் அந்தக் கணக்கே செல்லும் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. பன்னிரண்டு ஒன்றுதான் ஆபத்து என்று இருந்தேன். ஒருவர் சில்லைத் தூக்கிவிடுவார் என்று எந்தக் கணக்கிலும் இல்லை.

ஆனால் அது முழு உண்மை இல்லை. நான் பாஸ் பக்கம்தான் இருந்தேன், அக்கா. ஏப்ரலில் உங்கள் அறைக்கு மஞ்சள் பூசினேன். அன்று விலைக்கு வாங்கிய ஹாட்சர் அம்மாளிடமிருந்து உங்கள் பழைய பியானோவை நூற்றிருபது டாலருக்குத் திரும்ப வாங்கி ஜன்னலோரம் போட்டேன். கீழ்க்கட்டையில் ஒரு சுரம் மட்டும் ஒட்டிக்கொள்கிறது, பழையபடியே. நீங்கள் கதவைத் திறந்து பார்க்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஆசை. இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டு இரண்டு வருடம் ஆகிறது. அதை எழுத வெட்கமாக இருந்தது. ஜூனில் அத்தான் கடிதம் வந்தபின் உங்களுக்கு எழுதக் கை வரவில்லை. நீங்கள் ஜெயிக்க வேண்டும் என்று விரும்பினால், அவர் என்ன ஆக வேண்டும் என்று விரும்புகிறேன்? அதை யோசித்துக்கொண்டே மூன்று மாதம் போய்விட்டது.

பக்கத்துத் தெரு மர்வின் லாரியில் அறைகலன் ஏற்றிக் கலிஃபோர்னியா போகிறான். பியானோவை நேற்றுப் போர்வை சுற்றி ஏற்றிவிட்டோம். நாலு பேர் தூக்கினோம். முதுகைப் பற்றிக் கேட்காதீர்கள். பதினோராம் தேதி உங்கள் வாசலில் இறங்கும்.

மர்வினுக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டேன். இரண்டே வாரம்தான். பிடிக்கவில்லை என்றால் திரும்பிவிடுவேன்.

ராய்ஸ்